பர்மா காலனியில் நான் எடுத்த சாட்சியம்

போன மாதம் மதுரையிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். புதிதாகத் துப்பறியும் நிறுவனம் தொடங்கியிருக்கிறார்களாம். பழைய ஆள் ஒருவரிடம் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு போகலாம் என்று யாரோ என் விலாசத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "சார், நீங்க துப்பாக்கி வச்சிருந்தீங்களா?"

"குடை வச்சிருந்தேன்" என்றேன்.

ஒருவன் சிரித்தான். மற்றவன் அதைக் குறித்துக்கொண்டான். அடுத்து, நான் துப்புத் துலக்கிய பெரிய கொலை எது என்று கேட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கொலை நடந்தால் போலீஸுக்குப் போவார்களே தவிர, காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில், காலொடிந்த மேசையைச் செங்கல் கொடுத்து நிறுத்தி வைத்திருந்த எங்களிடம் ஏன் வரப்போகிறார்கள்? எங்களிடம் வந்ததெல்லாம், மாப்பிள்ளை குடிப்பாரா, சிங்கப்பூரில் சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, கோபித்துக்கொண்டு போன தம்பி எந்த ஊர் ஓட்டலில் மாவாட்டுகிறான் என்கிற விவகாரங்கள். முப்பது வருடம் இதைத்தான் செய்தேன். பையன்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கொலையே இல்லாத ஒரு விசாரணை இன்னமும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அதை அவர்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நான் எழுதி வைக்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கும் தேறி, இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவன் நான். என் மாமா என்னை ஏட்டையாவிடம் கொண்டுபோய் விட்டார். ஏட்டையா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மாடி அறையை வாடகைக்கு எடுத்து 'அந்தரங்க விசாரணை நிலையம்' என்று போர்டு மாட்டியிருந்தார். அந்தரங்கம் என்பதை ஊருக்கே தெரியும் அளவில் எழுதி மாட்டியிருந்தார் என்பதை நான் ஒருமுறைதான் சுட்டிக்காட்டினேன். இரண்டாம் முறை சுட்டிக்காட்டும் தைரியம் வரவில்லை.

முதல் ஆறு மாதம் நடக்கத்தான் கற்றுக்கொடுத்தார். ஒரு ஆளுக்குப் பின்னால் எத்தனை அடி தள்ளி நடப்பது, அவர் நின்றால் நாம் எந்தக் கடையில் நிற்பது, இப்படி. அப்புறம் அறிக்கை எழுதுவது. சிவப்புப் பென்சிலும் மூக்குப்பொடி மட்டையுமாக உட்கார்ந்துகொள்வார். ஒரு சிட்டிகை பொடி, ஒரு அடித்தல். ஒரு தடவை, 'மாப்பிள்ளை நல்ல குணமுள்ளவர்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"குணத்தைப் பாத்தியா நீ? எங்குட்டு வச்சிருந்தான்? சட்டைப் பையிலயா?" என்று கேட்டு அந்த வரியையே அடித்துவிட்டார்.

கண்ணால் பார்த்தது ஒன்று, காதால் கேட்டது ஒன்று, காகிதத்தில் இருப்பது ஒன்று. மூன்றும் ஒத்துப்போனால்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரும்பவும் போகச் சொல்வார், மழையோ வெயிலோ. வேஷத்திலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கறுப்புக் குடை, கக்கத்தில் நீளமான கணக்கு நோட்டு.

"சர்க்கார் ஆளுன்னு வாயைத் திறந்து சொல்லிராத. சொன்னா உள்ள போயிருவ. சும்மா போயி நில்லு. அவுகளா நினைச்சுக்கிட்டா அது அவுக பாடு" என்பார்.

உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னால் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நம்பித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நம்பிக்கை முதல் வருடமே போனது. தன் கணவர் தினமும் நாலு மணி பஸ்ஸில் கோவிலூர் போய் வருகிறார், யாரையோ வைத்திருக்கிறார் என்று ஒரு அம்மாள் வந்தார். நாலு நாள் பின்தொடர்ந்தேன். அந்த மனிதர் ஐம்பத்திரண்டு வயதில், தெரிந்தவர்கள் கண்ணில் படாமல், மடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பொட்டலில் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார். முட்டியெல்லாம் சிராய்ப்பு. அறிக்கையைப் படித்த அம்மாள், "சைக்கிளா? நல்லா விசாரிச்சீகளா? நீங்களும் ஆம்பளதான, வேற எப்புடிச் சொல்லுவீக" என்று எங்கள் மீதே பாய்ந்துவிட்டு, பாதிக் கூலியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி அந்த விசாரணை. அறுபதுகளின் நடுவில், பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வட்டிக்கடைகளில் கணக்கு எழுதியவர்கள், நிலம் வைத்திருந்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், எல்லோரும் கட்டிய துணியோடு வந்து இறங்கினார்கள். முகாமில் கொஞ்ச நாள் வைத்திருந்து, ஊருக்கு வெளியே வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பர்மா காலனி என்று பெயர். கைலி கட்டிய பெண்கள், கன்னத்தில் சந்தனம் மாதிரி பூசிய தனக்கா, சாயங்காலமானால் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டி. ஊர்க்காரர்கள் சாப்பிட மட்டும் போனார்கள். சம்பந்தம் என்று வந்தால், 'அங்கே எவளை வைத்திருந்தானோ' என்கிற பேச்சு உடனே எழும்.

கோட்டையூரில் உரக்கடை வைத்திருந்த வெள்ளைச்சாமி அந்தப் பேச்சோடுதான் எங்கள் படியேறி வந்தார். அவருடைய மகள் தெய்வானை, காலனிக்குப் பக்கத்திலிருந்த ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவளுக்கு முருகேசன் என்று ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பர்மாவிலிருந்து வந்தவன், லாரிப் பட்டறையில் மெக்கானிக். அவனுக்குப் பெற்றோர் இல்லை. அரியக்குடியிலிருந்த தாய்மாமன்தான் பேசி முடித்திருந்தார். பரிசம் போட இன்னும் பன்னிரண்டு நாள்.

"அவனுக்கு அங்குட்டு ஒரு பர்மாக்காரி இருந்தான்னு காதுல விழுது. இருக்கா இல்லையான்னு எழுத்துல வேணும். வாய்ப்பேச்சு எனக்கு ஆகாது" என்றார் வெள்ளைச்சாமி.

அவருக்கு எழுத்துதான் எல்லாம். வாரம் ஒரு பெட்டிஷன் எழுதாவிட்டால் தூக்கம் வராத ஆள். பக்கத்து வீட்டுச் சுவர், பஸ் தாமதம், தெருக்குழாய் என்று தாலுகா ஆபீஸுக்கு எழுதிக்கொண்டே இருப்பார். இதை மறந்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குடையும் நோட்டுமாகக் காலனிக்குள் நுழைந்தேன். முதல் தெருவில் ரொம்ப நேரம் நின்று வீட்டு எண்களைப் பார்ப்பது போலப் பாவனை செய்தேன். அது ஏட்டையாவின் பாடம். முருகேசன் பெயரில் ஒதுக்கப்பட்ட வீடு ஐந்தாம் தெருவில். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆம்பளைச் செருப்பு. கொடியில் நீலக்கட்டம் போட்ட சட்டை. மாடத்தில் சவரக் கத்தி. உள்ளே முருகேசன் பாயில் உட்கார்ந்திருந்தான். தனக்கா பூசிய ஒரு பர்மியப் பெண் அவன் கையில் காபி டம்ளரைக் கொடுத்தாள். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று அவன் மடியில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, அப்பா" என்றது. நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. முருகேசனே எழுந்து பெட்டியிலிருந்து முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்து நீட்டினான். குடும்பத் தலைவர் முருகேசன். மனைவி மா தெய்ன். மகள் செல்வி. முத்திரை, கையெழுத்து, எல்லாம் இருந்தது.

கண், காது, காகிதம். மூன்றும் ஒரே வீட்டில், ஒரே காலையில், கால் மணி நேரத்தில். இவ்வளவு சுலபமாக எதுவும் அமைந்ததில்லை என்று குஷியாகச் சைக்கிளை மிதித்தேன். சுலபமாக அமைந்ததே என்று சந்தேகப்பட வேண்டிய தொழிலில் இருந்துகொண்டு குஷிப்பட்டேன். அந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல.

மூன்று வரி அறிக்கை. ஏட்டையாவின் சிவப்புப் பென்சில் எந்த இடத்திலும் படவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. வெள்ளைச்சாமி படித்துவிட்டு, மடித்து மடியில் செருகிக்கொண்டு போனார். அன்றைக்கே அரியக்குடிக்கு ஆள் அனுப்பி, பரிசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தெய்வானை தனியாக எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். ஏட்டையா சாப்பிடப் போயிருந்தார்.

"பர்மா காலனிக்குப் போனது நீங்கதானா?" என்றாள்.

"ஆமா. உட்காருங்க."

"உட்கார வரல. அவுக எனக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கடுதாசி எழுதுனாக, பொண்ணு பாத்துட்டுப் போன மறுவாரமே. அந்தப் பொண்ணு அவுக சேக்காளியோட சம்சாரம். கப்பலுக்குப் பேர் கொடுத்த பிறகு அந்தச் சேக்காளி காய்ச்சல்ல செத்துப்போனாரு. இவுக தன் அட்டையில சம்சாரம்னு எழுதித்தான் இவளையும் புள்ளையையும் கூட்டியாந்தாக. எனக்கு எல்லாம் தெரியும்."

"அந்தக் கடுதாசியைக் கொண்டுவாங்க. அது போதும். நான் திருத்தி எழுதித் தந்துடறேன்."

"படிச்சதும் எரிச்சுரச் சொல்லியிருந்தாக. எரிச்சுட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் ஒருத்தராவது ஒரு சாட்சியத்தைப் பத்திரமாக வைத்திருக்கக் கூடாதா? "அப்ப நான் என்ன செய்ய முடியும்?" என்றேன்.

"ஒருநாள் மனுசனா அங்க போங்க. அந்தக் குடை இல்லாம" என்று மூலையில் சாத்தியிருந்த என் குடையைக் காட்டினாள். போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கைலியும் பழைய சட்டையுமாக, வெறுங்கையோடு போனேன். அத்தோ வண்டியில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு ஐந்தாம் தெரு முக்கில் நின்றேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மா தெய்ன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டிரைவர் வெளியே வந்தார். அவர் போட்டிருந்தது அந்த நீலக்கட்டம் போட்ட சட்டை. வாசல் தூணில் கண்ணாடியைச் சாத்தி வைத்து, அதே சவரக் கத்தியால் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தார். சற்று நேரத்தில் முருகேசன் சைக்கிளில் வந்தான். மா தெய்ன் வீட்டு வாசலிலேயே ஒரு காலை ஊன்றி நின்று, அரிசிப் பையைக் கொடுத்தான். உள்ளே போகவில்லை. குழந்தை ஓடிவந்து, "மாமா, மிட்டாய்" என்றது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் போனேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் சைக்கிளை விட்டு இறங்கினான்.

"சர்க்கார் ஆள் இல்லையா நீங்க?"

"இல்லை."

"முதத் தெருவுல குடையும் நோட்டுமா ஒருத்தர் நிக்கிறாருன்னு ஓடியாந்து சொன்னாக. நான் தங்கியிருக்கிறது பட்டறையில. சைக்கிளை மிதிச்சு மிதிச்சு வந்தேன். சட்டை, செருப்பு எல்லாம் அவரோடது" என்று டிரைவரைக் காட்டினான். "வெள்ளைச் சட்டையும் நோட்டும் வந்தா என்னை அப்பான்னு கூப்பிடணும்னு புள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கோம்."

நான் எடுத்த மூன்று சாட்சியத்தையும் என் குடைதான் வரவழைத்திருந்தது. குடை இல்லாமல் போயிருந்தால் முதல் நாளே உண்மையைப் பார்த்திருப்பேன்.

"இதை அந்தப் பொண்ணோட அப்பாகிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

"யாரு, பெட்டிஷன் எழுதுறவர்கிட்டயா?" என்றான். "அவளுக்குக் கல்யாணக் காயிதம் கிடையாதுண்ணே. அங்க ஒண்ணாக் குடும்பம் நடத்துனாலே கல்யாணந்தான், யாரு எழுதி வப்பாக? புருசன் போயிட்டான். நாட்டை விட்டு வாரப்ப இனி திரும்பி வர மாட்டேன்னு எழுதி வாங்கிட்டாக. என் சம்சாரம் இல்லைன்னு தெரிஞ்சா இங்க வச்சுக்க மாட்டாக, அங்க சேத்துக்க மாட்டாக. சின்னப்புள்ளையோட எங்குட்டுப் போவா? அவளுக்குன்னு ஒரு காயிதம் வந்துட்டா அப்புறம் எல்லாத்தையும் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். திருத்துறேன்னு எதையும் எழுதிராதீக. என் கல்யாணம் போனா போகுது."

மா தெய்ன் அரிசிப் பையைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள். நாங்கள் பேசியது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எனக்கு உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள்.

அன்று இரவு முழுக்க யோசித்துவிட்டு, காலையில் ஏட்டையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். பொடி மட்டையைத் திறந்தார். போடவில்லை. அறிக்கையின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல எந்த வரி பொய்யி?"

படித்தேன். 'முருகேசன் பெயரில் ஒதுக்கப்பட்ட வீட்டில் மா தெய்ன் என்ற பெண்ணும் ஒரு பெண் குழந்தையும் வசிக்கிறார்கள். அக்குழந்தை முருகேசனை அப்பா என்று அழைத்ததைக் கேட்டேன். குடும்ப அட்டையில் அப்பெண் மனைவி என்று பதிவாகியுள்ளது.' ஒரு வரியும் பொய்யில்லை.

"பொய்யில்லைன்னா எதைத் திருத்தச் சொல்லுற?" என்றார். எனக்கு மேசையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசி. நாளைக்கே எவனாவது அந்தப் பொம்பளையப் பத்தி மொட்டைக் கடுதாசி போட்டான்னு வையி. அவ இவன் சம்சாரந்தான்னு சொல்ல அட்டையை விட்டா வேற என்ன இருக்கு? நீ எழுதுனதுதான் இருக்கு. பொண்ணைக் கட்டிக்கொடுக்க இருந்தவனே விசாரிச்சு, அவ சம்சாரந்தான்னு சம்பந்தத்தை முறிச்சிருக்கான். இதை விடச் சாட்சி எங்க கிடைக்கும்? திருத்துனா அவளைக் கொன்ன மாதிரி. பேசாம இரு."

அவர் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நகலைத் தனி உறையில் போட்டு, பீரோவில் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. கோட்டையூர் போய் உரக்கடையில் வெள்ளைச்சாமியைப் பார்த்தேன். "என் அறிக்கையைப் பெரிசா எடுத்துக்காதீங்க. மாப்பிள்ளை யோக்கியமானவர்" என்றேன்.

"அப்ப அந்தப் பொம்பள யாரு?"

"அதைச் சொல்ல முடியாது."

"அந்தப் புள்ள?"

"அதையும் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா எதுக்கு வெயில்ல வந்தீக? அவன் ஏதும் கவனிச்சானாக்கும்?" என்றார். கடையில் நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். "சரி, மாப்பிள்ளை யோக்கியமானவர்ங்கிறதை எழுத்துல கொடுத்துட்டுப் போங்க" என்று பேனாவை நீட்டினார். பேனாவை வாங்காமல் பஸ் ஏறினேன்.

கல்யாணம் நடக்கவில்லை. மா தெய்னுக்கு அவள் பெயரிலேயே காகிதம் வந்து சேர எழுபதுகள் பிறந்துவிட்டன. அதற்குள் முருகேசனுக்கும் தெய்வானைக்கும் நடுவில் என்ன மிச்சமிருந்தது என்று நான் விசாரிக்கவில்லை. முப்பது வருடம் ஊரார் வீட்டுச் சமாச்சாரத்தையெல்லாம் விசாரித்தவன், அந்த ஒன்றை மட்டும் விசாரிக்காமல் ஒதுங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, வேறு காரணமில்லை.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை போகும்படி ஆயிற்று. பரிசம் நின்ற மறு வருடம், பள்ளி திறந்து சில நாள் ஆகியிருந்தது. வேறொரு குடும்பத்தின் சொந்த ஊரைத் தெரிந்துகொள்ள, சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் தெய்வானை டீச்சரைக் கூப்பிட்டு, பதிவேட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. பதிவேட்டை மேசையில் வைத்து, எதிரே நின்றாள்.

திறந்த பக்கத்தில் அந்த வருடம் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள். நடுவில் ஒரு வரி. செல்வி. தாயார் மா தெய்ன். தகப்பனார் முருகேசன். சேர்க்கை விவரம் எழுதிய ஆசிரியர் என்ற இடத்தில், சுத்தமான கையெழுத்தில், தெய்வானை.

அதைத் தாண்டி என் விரல் போகவில்லை. தலைமையாசிரியர் எதையோ தேடி அடுத்த அறைக்குப் போயிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நீங்க கேட்ட குடும்பம் இந்தப் பக்கத்துல இல்ல" என்றாள். குனிந்து, அவளே அடுத்த பக்கத்தைப் புரட்டி வைத்தாள்.